மான்செஸ்டர்: கால்வாயா, ரயிலா?

இங்கிலாந்துல இருக்குற மான்செஸ்டர் ஊர வளர்த்தது ரயில்தான்னு நிறைய பேர் சொல்றாங்க, என்னைக் கேட்டா கால்வாய்க்குத்தான் முதல் மரியாதை. 1761ல திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வழியா வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரி படகுலயே வர ஆரம்பிச்சதும் விலை கிட்டத்தட்ட பாதியாச்சு. கரையில ஒரே ஒரு குதிரை கயிறு கட்டி இழுத்துட்டுப் போகும், பின்னாடி டன் கணக்குல கரி, பார்ட்டன்ங்கற இடத்துல அந்தப் படகு இர்வெல் ஆத்துக்கு மேலயே, கால்வாய்த் தண்ணியத் தாங்குற பாலத்துல மிதந்து போகும், நினைச்சாலே சிலிர்க்குது! ஆனா ரொம்ப மெதுவு, குளிர்ல தண்ணி உறைஞ்சா சரக்கு அங்கயே நிக்கும்.

1830ல லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவுல ரயில் வந்துச்சு, சாட் மாஸ் சதுப்புல குச்சியும் புதரும் கட்டுக்கட்டா போட்டு அது மேல தண்டவாளம், சுமார் ரெண்டு மணி நேரப் பயணம். வேகத்துல ரயில்தான், ஒத்துக்கறேன். ஆனா 1894ல மறுபடியும் 58 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டி கடல்கப்பலையே ஊருக்குக் கொண்டு வந்தாங்களே!