லிவ்ஸ்ட்ராங் மஞ்சள் கைப்பட்டை: ஒரு டாலர் பொருளுக்குத் தாமதமாக ஒரு மதிப்புரை

2004ஆம் ஆண்டு மே மாதம் நைக்கி நிறுவனமும் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் அறக்கட்டளையும் இணைந்து ஒரு டாலர் விலையில் வெளியிட்ட மஞ்சள் நிற சிலிக்கான் கைப்பட்டை எட்டுக் கோடிக்கும் மேல் விற்ற பொருள். சைக்கிள் பந்தயம் பெற்றெடுத்த பொருள்களில், சைக்கிளே ஓட்டாதவர்களிடம் இந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்தது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. இதை மதிப்பிட வருகிறவர் ரப்பரின் தரத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட முடியாது; வாங்கியவர்கள் எவரும் ரப்பருக்காக அதை வாங்கவில்லை. விரைப் புற்றுநோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய நிலையிலிருந்து மீண்டு வந்து, 1999 முதல் 2005 வரை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைத் தொடர்ந்து ஏழு முறை வென்ற ஆம்ஸ்ட்ராங்கின் கதைக்காகவே வாங்கினார்கள். அந்த ஏழு வெற்றிகளும், அவர் ஊக்கமருந்து எடுத்ததற்காக, 2012 அக்டோபரில் பறிக்கப்பட்டுவிட்டன. எனவே இந்தப் பட்டையை இன்று கையில் எடுக்கும் எவருக்கும், கதை கழிந்துபோன பின் பொருளில் என்ன மிஞ்சியிருக்கிறது என்ற கேள்வி எழாமல் இருக்காது.

முதலில் பொருளைப் பார்ப்போம். என்னிடம் இருப்பது அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இருந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. கொக்கி, பூட்டு, இணைப்பு எதுவும் இல்லாத முழு வளையம். விரல்களைக் குவித்து உள்ளே நுழைத்தால் நெகிழ்ந்து கொடுத்து மணிக்கட்டில் வந்து நிற்கும். எழுத்துகள் மேலே அச்சடிக்கப்படாமல் சிலிக்கானுக்குள்ளேயே குழிவாகப் பதிக்கப்பட்டிருப்பதால், எவ்வளவு தேய்த்தாலும் அழிவதில்லை. வியர்வையோ மழையோ இதை ஒன்றும் செய்வதில்லை. சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். சிலிக்கானுக்கே உரிய குறையாக, தூசியும் துணி இழைகளும் எளிதில் ஒட்டிக்கொள்ளும், குழிந்த எழுத்துகளின் மூலைகளில் அழுக்கு சேரும், முடி அடர்ந்த கையென்றால் கழற்றும்போது சுருக்கென்று இழுக்கும். இவ்வளவு எளிய பொருள் இவ்வளவு காலம் உழைப்பதே வியப்புதான். பொருளாக மட்டும் பார்த்தால் ஒரு டாலருக்கு எந்தக் குறையும் சொல்வதற்கில்லை.

கூடைப்பந்து வீரர்களுக்காக நைக்கி ஏற்கெனவே இதே வகை ரப்பர்ப் பட்டைகளைச் செய்துகொண்டிருந்தது. அதற்கு மஞ்சள் நிறம் கொடுத்து, ஆம்ஸ்ட்ராங்கின் அறக்கட்டளையின் முழக்கச் சொல்லான லிவ்ஸ்ட்ராங் என்பதைப் பதித்ததுதான் புதுமை. மஞ்சள் என்பது டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் ஜெர்சியின் நிறம். பந்தயத்தை நடத்திய லோட்டோ நாளிதழ் மஞ்சள் தாளில் அச்சாகி வந்ததை ஒட்டி 1919இல் அந்த ஜெர்சி வந்தது என்பார்கள். முதலில் 50 லட்சம் பட்டைகள் செய்யப்பட்டன. அவை விற்றுத் தீரச் சில வாரங்களே ஆயின. அந்த ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட ஜான் கெர்ரியின் கையிலும் அது இருந்தது. பிறகு உலகில் எந்த நோக்கத்துக்கு நிதி திரட்டினாலும் அதற்கென்று ஒரு நிறத்தில் ரப்பர்ப் பட்டை வெளியிடுவது வழக்கமாகிப் போனது.

இந்தப் பட்டை வெளிவந்த காலத்தில் தொழில்முறை சைக்கிள் பந்தயத்தின் பெயர் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் வெற்றி விளங்கும். 1998ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி, டூர் தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்னர், ஃபெஸ்டினா கடிகார நிறுவனத்தின் பெயரில் ஓடிய அணியின் உதவியாளர் வில்லி வோட், பிரான்ஸ் - பெல்ஜியம் எல்லையருகே சுங்க அதிகாரிகளிடம் பிடிபட்டார். அவர் ஓட்டி வந்த அணியின் காரில் இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் இபிஓ உள்ளிட்ட ஊக்கமருந்துகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அணி பந்தயத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. காவல்துறை வீரர்களின் விடுதி அறைகளைச் சோதனையிட்டது. வீரர்கள் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். மறு ஆண்டுப் பந்தயம் புத்துயிர் பெறும் பந்தயம் என்று சொல்லித்தான் நடத்தப்பட்டது. அதை வென்றவர்தான் ஆம்ஸ்ட்ராங். சாவின் வாசல் வரை போய் வந்த மனிதர் உடம்பில் நஞ்சை ஏற்றிக்கொள்வாரா என்ற கேள்வியே அவருக்கான சான்றிதழாக வேலை செய்தது. அந்த 1999 பந்தயத்திலேயே அவருடைய சிறுநீரில் தடைசெய்யப்பட்ட கார்ட்டிகோஸ்டீராய்டு மருந்தின் தடயம் தென்பட்டது. சைக்கிள் இருக்கையால் வந்த புண்ணுக்குப் போட்ட களிம்பு என்று முன்தேதியிட்ட மருந்துச் சீட்டு ஒன்றைக் காட்டி விவகாரம் முடிக்கப்பட்டதாக, அணியில் உடம்பு பிடித்துவிடும் பணியிலிருந்த எம்மா ஓரெய்லி பின்னர் கூறினார். சோதனைகள் இருந்தன, விதிகள் இருந்தன. ஒரு நல்ல செய்திக்காக ஏங்கிக் கிடந்த விளையாட்டுக்கு அவற்றை முழுமையாகச் செயல்படுத்தும் மனம்தான் இல்லை.

அந்த மனநிலையின் உச்சம்தான் இந்த மஞ்சள் பட்டை. நான் எதில் (எந்த மருந்தில்) இருக்கிறேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள், நான் நாளுக்கு ஆறு மணி நேரம் சைக்கிளில் இருக்கிறேன், நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று 2001இல் நைக்கி விளம்பரத்தில் ஆம்ஸ்ட்ராங் திருப்பிக் கேட்டார். விளம்பரம் ஓடி முடிந்தால் மறந்துவிடும். பட்டையோ அந்தப் பதிலை இலட்சக்கணக்கான மணிக்கட்டுகளில் இரவும் பகலும் வைத்திருந்தது. சைக்கிள் வீரர் ஒருவரைச் சந்தேகிப்பது புற்றுநோயாளிகளின் நம்பிக்கையைக் குலைப்பதற்குச் சமம் என்ற எண்ணம், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே பரவியது. உண்மையைச் சொன்னவர்கள் அதன் விலையைக் கொடுத்தார்கள். சாட்சி சொன்ன ஓரெய்லி மீது வழக்கும் அவதூறும் வந்தன. லண்டன் சண்டே டைம்ஸ் வார இதழ் சந்தேகத்தை எழுதியதற்காக 3 லட்சம் பவுண்டு கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் பறிக்கப்பட்ட பின்னரே அது தன் பணத்தைத் திரும்பக் கேட்க முடிந்தது. பந்தயத்தைக் கண்காணிக்க வேண்டிய சர்வதேச சைக்கிள் ஒன்றியம், தான் சோதிக்க வேண்டிய அதே வீரரிடமிருந்து ஒரு லட்சம் டாலருக்கும் மேல் நன்கொடை வாங்கியிருந்தது. ஒன்றியம் அவரைச் சலுகையோடு நடத்தியதை, அதுவே அமைத்த விசாரணைக் குழு 2015இல் எழுத்தில் பதிவு செய்தது.

2012 அக்டோபர் 10ஆம் தேதி அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை ஆயிரம் பக்கத்துக்கும் மேற்பட்ட சான்றுகளுடன் தன் முடிவை வெளியிட்டது. அவருடைய அணித் தோழர்களாக இருந்த 11 பேர் சாட்சி சொல்லியிருந்தார்கள். விளையாட்டு இதுவரை கண்டவற்றில் மிக நுட்பமாகவும் தொழில்முறையாகவும் வெற்றிகரமாகவும் நடத்தப்பட்ட ஊக்கமருந்துத் திட்டம் என்று முகமை அதை வருணித்தது. ஒரே வாரத்தில், அக்டோபர் 17 அன்று, அறக்கட்டளைத் தலைவர் பதவியிலிருந்து ஆம்ஸ்ட்ராங் விலக, அன்றைக்கே நைக்கி அவரைக் கைவிட்டது. அடுத்த மாதம் அறக்கட்டளை தன் பெயரிலிருந்து அவர் பெயரை நீக்கிக்கொண்டது. 2013 ஜனவரியில் தொலைக்காட்சிப் பேட்டியாளர் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் ஏழு பந்தயங்களிலும் மருந்து எடுத்ததை அவரே ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு மே மாதம், லிவ்ஸ்ட்ராங் பெயரில் வரும் பொருள்களின் தயாரிப்பையே நிறுத்தப்போவதாக நைக்கி அறிவித்தது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு கிடைப்பது அரிது. மருந்து எடுத்தவர் ஒருவர். அதை மறைக்க உதவியவர்கள் பலர். கண்டும் காணாமல் இருந்தவர்கள் அதனினும் பலர். ஆனால் நன்கொடை குறைந்தது, நோயாளிகளுக்கு உதவிக்கொண்டிருந்த அறக்கட்டளைக்கு. நைக்கிக்கு அடுத்த வீரர் கிடைத்தார், அடுத்த விளம்பரமும் கிடைத்தது. அவரைத் தூக்கிப்பிடித்த பத்திரிகைகள் அதே வேகத்தில் அவரைத் தூற்றின. அமெரிக்க அஞ்சல் துறை ஆம்ஸ்ட்ராங் ஓடிய அணிக்குச் சுமார் 3.2 கோடி டாலர் கொடுத்திருந்தது. அதற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு 2018இல் ஆம்ஸ்ட்ராங் 50 லட்சம் டாலர் கொடுப்பதோடு முடிந்தது. கணக்குப் பார்த்தால் அரசுக்கும் நட்டம்தான்.

விளையாட்டுக்கு நேர்ந்ததை அளப்பது இன்னும் கடினம். 1996 முதல் அணி நடத்திய டச்சு வங்கியான ராபோபேங்க், முகமையின் அறிக்கை வந்து பத்து நாள் ஆவதற்குள், இந்தப் பந்தயம் தூய்மையாகும் என்ற நம்பிக்கை தங்களுக்கு இல்லை என்று சொல்லி வெளியேறியது. ஜெர்மனியின் அரசுசார் தொலைக்காட்சிகளான ஏஆர்டியும் இசட்டிஎஃப்பும் 2007லேயே, ஜெர்மன் வீரர் பாட்ரிக் சிங்கெவிட்ஸ் சோதனையில் சிக்கியதும் டூரின் ஒளிபரப்பைப் பாதியில் நிறுத்தின. 2011க்குப் பின் நேரலையையே கைவிட்ட ஏஆர்டி அதற்குத் திரும்பியது 2015இல்தான். எனக்கு இவற்றைவிடக் கனமாகத் தெரிவது வெற்றியாளர் பட்டியலில் உள்ள வெற்றிடம். ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களும் யாருக்கும் மாற்றிக் கொடுக்கப்படவில்லை. அந்த ஏழு ஆண்டுகளில் முதல் மூன்று இடங்களில் நின்ற 21 பேரில் 20 பேர் ஏதோ ஒரு வகையில் ஊக்கமருந்துடன் தொடர்புபட்டவர்கள் என்று முகமையின் அறிக்கையே சொல்லும்போது, யாருக்குக் கொடுப்பது?

2008இல் நடைமுறைக்கு வந்த உயிரியல் கடவுச்சீட்டு முறை உண்மையிலேயே நல்ல மாற்றம். மருந்தைத் தேடாமல், வீரருடைய இரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து, அவருடைய சொந்த இயல்பிலிருந்து எங்கே விலகுகின்றன என்று பார்க்கும் முறை அது. முன்பிருந்த சோதனைகளைவிட ஏய்ப்பதற்குக் கடினமானது. ஆனால் ஆய்வகம் திருந்தியதும் பார்வையாளரின் கண் திருந்திவிடவில்லை. 2015 டூரில் மஞ்சள் ஜெர்சியுடன் ஓடிக்கொண்டிருந்த கிறிஸ் ஃப்ரூம் மீது ஒருவர் சிறுநீரை வீசி, மருந்து எடுத்தவன் என்று கத்தினார். 2024இல் பிளாட்டோ டி பெய் மலையேற்றத்தில் ஊக்கமருந்துக் காலத்து வீரரான மார்கோ பான்டானியின் 1998ஆம் ஆண்டு நேரத்தை டாடேய் போகச்சார் மூன்று நிமிடத்துக்கும் மேல் முறியடித்தபோது, எந்தச் சோதனையிலும் சிக்காத அவர் கைதட்டலுக்கு முன்பாகவே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சைக்கிள்களும் உணவு முறையும் பயிற்சியும் இந்த 26 ஆண்டுகளில் எவ்வளவோ மாறிவிட்டன என்ற நியாயமான விளக்கம் இருக்கிறது. அதே போன்ற விளக்கங்களை முன்பு நம்பி ஏமாந்தவர்கள் அதைக் காதில் வாங்கத் தயங்குகிறார்கள். ஆம்ஸ்ட்ராங்கின் கடனை அவர் ஓய்வு பெற்ற பின் வந்தவர்கள் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டைக்கே திரும்பினால், அதன் மீது எனக்கு இருக்கும் உண்மையான குறை ஊக்கமருந்தோடு தொடர்பில்லாதது. வாங்கியவர்களில் பலர் தங்கள் ஒரு டாலர் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகிறது என்று நினைத்திருந்தார்கள். அறக்கட்டளையோ 2005 முதலே ஆராய்ச்சிக்குப் புதிய நிதி வழங்குவதைப் படிப்படியாகக் கைவிட்டு, சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் மீண்டவர்களுக்கும் துணை நிற்கும் பணிகளுக்கு மாறிவிட்டது. காப்பீட்டுச் சிக்கல்களுக்கு வழிகாட்டுவதும், ஒய்எம்சிஏவுடன் சேர்ந்து மீண்டவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துவதும், சிகிச்சைக்கு முன் கருவுறு திறனைப் பாதுகாக்க உதவுவதும் தேவையான பணிகளே. 2014இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்கு 5 கோடி டாலர் தருவதாகவும் அது அறிவித்தது. பணம் வீணாகவில்லை. ஆயினும் எதற்குக் கொடுக்கிறோம் என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லப் பட்டையின் அகலத்தில் இடமில்லை, விளம்பரத்திலோ அதற்கு அக்கறை இல்லை.

இனி யார் இதை வாங்கலாம்? நோயைக் கடந்து வந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் தயங்காமல் அணியலாம். ஆம்ஸ்ட்ராங் பொய் சொன்னார் என்பதற்காக அவர்கள் பட்ட பாடு பொய்யாகிவிடாது. ஊழல் வெளிவந்த பிறகும் அவர்களில் பலர் கழற்றவில்லை. சைக்கிள் பந்தயத்தின் நினைவுப் பொருளாக வாங்க நினைப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் காசுக்கு உள்ளூர்ப் பந்தயம் ஒன்றின் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கையாவது கொடுப்பது மேல். உதவி செய்வதே நோக்கம் என்றால், பட்டை இல்லாமல் நேரடியாக நன்கொடை கொடுத்தால் தயாரிப்பு, அஞ்சல் செலவு ஆகியவை மிச்சம். பட்டைதான் வேண்டும் என்பவர்கள் மறுவிற்பனைத் தளங்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் அத்தனை பேர் தேடியதால் போலிகள் ஏராளமாகக் கிளம்பின, அவற்றுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு காசுகூட எந்த நோயாளிக்கும் போய்ச் சேர்வதில்லை. எழுத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஆழமில்லாமல் வழுக்கினால், அல்லது எழுத்துக்கு மட்டும் தனி மை பூசியிருந்தால், வாங்க வேண்டாம். சிறுவர்களுக்கும் மெலிந்த கையுள்ளவர்களுக்கும் சிறிய அளவு தனியாக உண்டு. பெரியவர் அளவு அவர்கள் கையில் நிற்காது.