செமோரோ லாவாங்: எரிமலை விளிம்பில் ஒரு வீட்டில் மூன்று இரவுகள்

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவிலுள்ள புரோமோ எரிமலையைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து போய் வந்த எங்கள் நண்பர்களில் ஒருவர்கூட, அந்த மலைக்கு நேர் எதிரே இருக்கும் செமோரோ லாவாங் என்னும் சிற்றூரில் ஒரு முழு இரவு தங்கியதில்லை. நள்ளிரவில் சுரபாயா நகரில் ஏற்றி, விடியற்காலையில் ஒரு மேட்டில் நிறுத்திச் சூரியனைக் காட்டி, மதியத்துக்குள் மலையை விட்டு இறக்கிவிடும் திட்டமே இங்கே பெரும்பாலும் விற்கப்படுகிறது. அல்சூரில் நாங்கள் அணுகிய பயண முகவரும் அதையே கொடுத்தார். ஊரிலேயே தங்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தியபோது சரியென்று முன்பணம் வாங்கிக்கொண்டவர், மூன்று வாரம் கழித்தும் தங்குமிடத்தின் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பணத்தில் பாதியை இழந்து, அங்குள்ள ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டில் நாங்களே நேரடியாக அறை பிடித்தோம். கடந்த ஆகஸ்டில் நானும் என் கணவரும் 66 வயதான என் அம்மாவும் அங்கே மூன்று இரவுகள் தங்கினோம். அந்தத் தங்கலைப் பற்றியதே இந்த மதிப்புரை.

செமோரோ லாவாங் தனிக் கிராமம் அன்று; புரோபோலிங்கோ மாவட்டத்தின் ஙாடிசாரி கிராமத்தைச் சேர்ந்த ஒரு குடியிருப்பு. ஜாவா மொழியில் செமோரோ என்றால் சவுக்கு மரம், லாவாங் என்றால் வாசல். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், தெங்கர் என்னும் பழைய பெரிய எரிமலை வாயின் விளிம்பில், ஒரு தெருவும் சில சந்துகளுமாக ஊர் அமைந்திருக்கிறது. புரோபோலிங்கோ இரயில் நிலையத்திலிருந்து மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக ஏற வேண்டும். அந்தத் தெரு முடியும் இடத்தில் நிலம் சட்டென்று செங்குத்தாக இறங்கி, கீழே கருமணல் சமவெளி விரிகிறது. அதன் நடுவே 2,329 மீட்டர் உயரமுள்ள புரோமோ புகைந்துகொண்டிருக்கிறது. படங்களில் எல்லோரும் புரோமோ என்று நினைக்கும், மடிப்பு மடிப்பாகப் பசுமை படர்ந்த அழகிய கூம்பு உண்மையில் பக்கத்திலுள்ள பாத்தோக் மலை. புரோமோ, உச்சி சிதைந்த சாம்பல் நிறக் குன்று. இதை முன்பே அறிந்து சென்றால் ஏமாற்றம் இருக்காது.

அறைக்கு ஓர் இரவுக்கு 3,50,000 ரூபியா, நம் பணத்தில் ஏறத்தாழ 1,900 ரூபாய் கொடுத்தோம். அறை சிறியது, சுத்தமானது; இரண்டு தடித்த கம்பளிகள் இருந்தன; சூடேற்றும் கருவி இல்லை. குளியலறையில் தொட்டித் தண்ணீரும் ஒரு சொம்பும்தான். வெந்நீர் கேட்டால் அடுப்பில் காய்ச்சி வாளியில் கொண்டுவந்து வைத்தார்கள். டிசம்பர் மாதப் பெங்களூர்க் குளிரை மனத்தில் வைத்துக்கொண்டு துணி எடுத்துச் செல்வது போதாது. சூன் முதல் ஆகஸ்டு வரையிலான வறண்ட மாதங்களில் அங்கே பின்னிரவு உறைநிலையை நெருங்கக்கூடும். விடியற்காலை மூன்று மணிக்கு ஜீப்புகளின் இரைச்சல் தொடங்கிவிடும் என்பதால், தெருப்பக்கத்து அறையை விட்டு உட்பக்கத்து அறையைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஆனால் அந்த வீட்டின் உண்மையான வரவேற்பறை அறையன்று, அடுப்படி. அப்பகுதியில் வாழும் தெங்கர் மக்கள் விருந்தினரை முதலில் அழைத்துச் செல்வது அடுப்பு எரியும் இடத்துக்குத்தான். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பாவோன். சாம்பல் என்று பொருள்படும் ஆவு என்ற சொல்லிலிருந்து பிறந்தது. வந்து சேர்ந்த மாலையில் நாங்கள் தாழ்ந்த மணைகளில் அமர்ந்து, விறகடுப்பின் முன் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது, வீட்டுக்கார அம்மாள் ஒரு கூடை உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து தோல் சீவ உட்கார்ந்தார். என் அம்மா எதுவும் கேட்காமல் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டார். அவர் இவரை ‘இபு’ என்று, அதாவது அம்மா என்று, அழைத்தார். இவர் அவரைத் தங்கச்சி என்றார். மூன்று நாளும் அவ்விருவரும் அவரவர் மொழியிலேயே பேசிக்கொண்டார்கள். வேலை நின்றதே இல்லை.

அவர்களின் பழைய உணவு ஆரோன்: வெள்ளை மக்காச்சோளத்தை ஊறவைத்து, இடித்து, ஆவியில் வேகவைத்த சோறு. இப்போது அவர்களும் பெரும்பாலும் அரிசிச் சோறே உண்கிறார்கள் என்றாலும், நாங்கள் கேட்டதற்காக ஒரு நாள் செய்து தந்தார்கள். திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த என் அம்மா, தம் சிறுவயதுச் சோளச்சோற்றின் பதம் அதில் இருப்பதாகச் சொல்லி இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். சைவ உணவுக்காரர்கள் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும்: அங்கே மிளகாய்த் துவையல் பலவற்றில் தெராசி என்னும் இறால் விழுது சேரும். ‘தன்பா தெராசி, தன்பா இகான்’, அதாவது இறால் விழுது இல்லாமல், மீன் இல்லாமல் என்று முன்கூட்டியே சொன்னோம். டெம்பே என்னும் புளிக்கவைத்த சோயாக் கட்டி, டோஃபு, முட்டைக்கோஸ், காரட், வெங்காயத்தாள் என்று ஒவ்வொரு வேளையும் நிறைவாகவே சாப்பிட்டோம்.

காய்கறிகள் எல்லாம் வீட்டின் பின்னாலிருந்தே வருகின்றன. ஊட்டி, கொடைக்கானல் சரிவுகளைப் பார்த்த கண்ணுக்கும் அந்த வயல்கள் வியப்பளிக்கும். நிற்கவே தயங்கும் சரிவில் பாத்திகள் நேர்கோட்டில் மேலேறுகின்றன, ஓரங்களில் சவுக்கு வளர்ந்திருக்கிறது. எரிமலைச் சாம்பலால் ஆன அந்த மண் கையில் எடுத்தால் காப்பித்தூளைப் போல் உதிர்கிறது. 2010 நவம்பரில் தொடங்கி மறு ஆண்டிலும் தொடர்ந்த வெடிப்பில் சாம்பல் பொழிந்து பயிர்கள் அழிந்தன. அதே சாம்பல் மண்ணில் மக்கி ஊட்டமாகும் வரை பொறுத்திருந்து மீண்டும் பயிரிட்டதாக வீட்டுக்காரர் கையசைத்தும் கைப்பேசி மொழிபெயர்ப்பின் வழியாகவும் விளக்கினார். வெளியாருக்கு நிலத்தை விற்பதில்லை என்ற கட்டுப்பாடு ஊரில் இருக்கிறது என்றும் சொன்னார். விளிம்பில் பெரிய விடுதிகள் வரிசையாக எழும்பாமல், அவரைப் போன்றவர்களின் முன்னறைகளே விடுதியாக இருப்பதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

புரோமோ என்ற பெயர் பிரம்மாவிலிருந்து வந்தது. ஜாவாவின் பெரும்பகுதி இசுலாமைத் தழுவிய பின்னும் தெங்கர் மக்களில் மிகப் பலர் இந்துக்களாகவே வாழ்கிறார்கள். மணல்வெளியில், மலையடியில், லுகூர் போத்தென் என்னும் கோயில் நிற்கிறது. அடிமுடி தேடிய கதையில் பொய் சொன்னதால் பிரம்மாவுக்குக் கோயிலில்லாமல் போனது என்று திருவண்ணாமலைத் தீபத்தின்போதெல்லாம் எங்களுக்குச் சொல்லி வளர்த்தவர் என் அம்மா. நெருப்பு மலையின் முன் பெயரிழந்த தெய்வத்தின் பெயரையே ஒரு நெருப்பு மலை தாங்கியிருப்பதைக் கேட்டு, அவர் வெகுநேரம் பேசாமல் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோரோ அந்தெங், ஜோகோ செகர் என்ற இணையர் மலைத் தெய்வத்திடம் வேண்டி 25 பிள்ளைகள் பெற்று, கடைசி மகன் குசுமாவை எரிமலைக்குக் கொடுத்த கதையை அவர்கள் சொல்கிறார்கள். இணையரின் பெயர்களின் இறுதி அசைகள் சேர்ந்தே தெங்கர் ஆயிற்று என்பது அவர்கள் வழக்கு. அதன் நினைவாக ஆண்டுதோறும் கசாடா மாதத்தில், முழுநிலவு நாளையொட்டி, காய்கறி, கோழி, ஆடு, பணம் ஆகியவற்றைப் புரோமோவின் வாயில் காணிக்கையாக இடுகிறார்கள்.

எரிமலைக்குப் போவது எளிது. ஊரிலிருந்து மணல்வெளி வழியாக ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நடந்து, சுமார் 250 படி ஏறினால் வாயின் விளிம்பு. கந்தக நெடியும் தூசியும் கடுமையாக இருப்பதால் முகக்கவசம் கட்டாயம் வேண்டும். அம்மா படியடி வரை குதிரையில் வந்தார். குதிரைக்காரரிடம் போகவும் வரவும் சேர்த்து முதலிலேயே விலை பேசிவிடுங்கள். பெனாஞ்சாக்கான் சூரியோதய மேடு அழகானதுதான், பின்னணியில் 3,676 மீட்டர் செமெரு அவ்வப்போது புகைவிடுவதையும் அங்கிருந்து காணலாம். ஆனால் ஞாயிறு விடியலில் நந்தி மலையில் உள்ள நெரிசலே அங்கும் இருந்தது. பாதையோரம் கிடந்த பிளாஸ்டிக் குப்பை மனத்தை மிகவும் வருத்தியது. 2023 செப்டம்பரில் திருமணப் படப்பிடிப்புக்காகக் கொளுத்திய புகைவாணத்தால் அப்பகுதியின் புல்வெளியில் பல நூறு ஹெக்டேர் எரிந்தது. வெளியிலிருந்து வருகிறவர்கள் அந்த இடத்தை நடத்தும் விதம் மாறியே ஆக வேண்டும். எடெல்வைஸ் பூக்களைக் காட்டில் பறிப்பதும் தடைசெய்யப்பட்டது.

எங்கள் இரண்டாம் நாள் மாலையே இப்பயணத்தில் சிறந்தது. ஜீப்புகள் எல்லாம் போய்விட்டன. தோளில் சரோங் போர்த்திய பெண்கள் வெங்காயத்தாள் கட்டுகளுடன் வயலிலிருந்து திரும்பினார்கள். கீழே மணல்வெளியை மேகம் மெல்ல மெல்ல மூடியது. மதியத்தோடு திரும்பும் திட்டத்தில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. ஆகவே குறைந்தது இரண்டு இரவுகளாவது தங்குங்கள்.

வீட்டில் ரொக்கம் மட்டுமே வாங்கினார்கள். புரோபோலிங்கோவிலேயே பணம் எடுத்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் தனி. வெளிநாட்டவருக்கு உள்ளூராரை விடப் பல மடங்கு. ஞெப்பி என்னும் மௌன நாளிலும், கபித்து என்னும் ஏழாம் மாத நோன்பின்போதும் மணல்வெளியில் வாகனங்களைத் தடுப்பதுண்டு. நாள் குறிக்கும் முன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் சரிவில் இருக்கும் வீடுகளைத் தவிர்த்து, தெருமட்டத்தில் அறை இருக்கிறதா என்றும் அப்போதே கேட்கலாம்.