மின்சார வேன் வாங்குவோர் கவனத்திற்கு: வாய்ச்சொல்லில் 300 கிலோமீட்டர், விலைப்புள்ளியில் பாதி விலை

சரக்கு விநியோகத்திற்காக மின்சார வேன் வாங்க எண்ணுவோர், விற்பனையாளர் சொல்லும் தூரம் எந்தச் சோதனையில் கிடைத்தது என்பதை ஆவணத்தில் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். எனக்கு வேனை விற்ற நிறுவனம், ஒருமுறை சார்ஜ் செய்தால் 300 கிலோமீட்டர் ஓடும் என்று உறுதி கூறியது. முழுச் சுமையுடன் நெடுஞ்சாலையில் ஓட்டினால் அதில் பாதிகூடத் தேறவில்லை.

பேட்டரியில் பழுது இருக்கலாம் என்று பணிமனைக்குக் கொண்டுசென்றபோது, சோதித்துவிட்டு எல்லாம் சரியாக உள்ளது என்றார்கள். அது உண்மைதான். வண்டியை ஒப்படைத்த பிறகே கைக்கு வந்த சான்றிதழில், வண்டி ஓடும் தூரத்தை ஆய்வகத்தில் அளக்கும் டபிள்யூஎல்டிபி (WLTP) சோதனையின் நகர்ப்புறச் சுற்றுக்கு 300 என்றும், நெடுஞ்சாலை வேகங்களும் அடங்கிய முழுச் சுற்றுக்கு 200 என்றும் இரண்டு எண்கள் இருந்தன. அன்றாட ஓட்டம் பெரும்பாலும் நெடுஞ்சாலையில்தான் என்று நான் எழுத்து மூலம் தெரிவித்திருந்தும், விற்பனைப் பிரதிநிதி முதல் எண்ணை மட்டுமே சொல்லியிருக்கிறார்.

அந்த 200-ஐயும் அப்படியே நம்ப முடியாது. சோதனை 23 டிகிரி வெப்பநிலையில், ஏசியை நிறுத்திவைத்து, வேன்களுக்கு ஏற்றக்கூடிய சுமையில் 28 விழுக்காட்டை மட்டும் கணக்கில் கொண்டு நடத்தப்படுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100-க்குப் போனாலே அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். உயரமும் அகலமுமாக நிற்கும் வேனுக்கு இது காரைவிடக் கடுமையான இழப்பு. வழியில் விரைவு சார்ஜ் செய்வதாக இருந்தால், 80 விழுக்காட்டிற்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் வெகுவாகக் குறைவதால், முழு பேட்டரியும் நடைமுறையில் பயன்படுவதில்லை. இவற்றை முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதில்லை. 2017-இல் ரெனோ நிறுவனம் தன் கங்கூ மின்சார வேனுக்குப் டபிள்யூஎல்டிபிக்கு முன்பிருந்த பழைய என்இடிசி (NEDC) சோதனையில் 270 கிலோமீட்டர் என்று அறிவித்தபோதே, நடைமுறையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான் என்றும் சேர்த்தே சொன்னது.

விலை விஷயம் இதைவிட மோசம். டீசல் வேனுக்கு அருகில் வந்துவிட்டதே என்று வியக்கவைத்த விலைப்புள்ளியில் பேட்டரி சேர்க்கப்படவே இல்லை. அதற்கு மாத வாடகை உண்டு என்பதும், ஓடும் தூரம் கூடினால் வாடகையும் கூடும் என்பதும், வண்டியை விற்றால் வாங்குபவர் அந்த ஒப்பந்தத்தையும் ஏற்க வேண்டும் என்பதும் கடனுக்கான தாள்களுக்கு நடுவே இணைப்பாக வந்தன. எரிபொருளில் மிச்சமாகும் என்று அவர்கள் போட்டுக் காட்டிய கணக்கில் இந்த வாடகைக்கு இடமில்லை. விரைவு சார்ஜ் செய்யும் இணைப்பும் தனிக் கட்டணத்தில்தான் கிடைக்கும்.

புகாருக்கு வந்த பதிலில், தூரம் ஓட்டும் முறையைப் பொறுத்தது என்ற ஒப்பந்த வரியை மேற்கோள் காட்டிவிட்டு, பெரிய பேட்டரி கொண்ட வேனை விலை வேறுபாட்டைச் செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நான் மறுத்துவிட்டேன். முழுச் சுற்றின் எண்ணையும், பேட்டரி யாருக்குச் சொந்தம் என்பதையும் விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். சோதனை ஓட்டத்தை உங்கள் சரக்கை ஏற்றி, உங்கள் வழித்தடத்திலேயே நடத்தக் கேளுங்கள். என்னிடம் அவர்கள் ஓட்டிக் காட்டியது சரக்கு ஏற்றாத காலி வேனைத்தான்.