அசதிக்கு ஹார்மோன் ஊசி: 48,000 ரூபாய் கட்டியவன் எழுதும் எச்சரிக்கை

முப்பது வயதுக்கு உட்பட்ட ஆண்களைக் குறிவைத்து சென்னையில் ஒரு வியாபாரம் நடக்கிறது. எந்நேரமும் அசதி, ஜிம்முக்குப் போயும் உடம்பு ஏறவில்லை, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை என்று ஒருவன் வாய் திறந்தால் போதும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவு என்று சொல்லி ஆறு மாத ஊசிக்கு முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். என்னிடம் வாங்கியது 48,000 ரூபாய். முதல் ஊசிக்கு நாள் குறித்திருந்த நிலையில் வெளியே வந்துவிட்டேன். பணத்தில் பாதிதான் கைக்கு வந்திருக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் கிளினிக்கின் பெயரை எழுதவில்லை. அங்கே நடந்ததை எழுதுகிறேன்.

எனக்கு வயது 28. திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சோழிங்கநல்லூரில் அமெரிக்க நேரத்துக்கு வேலை. விடியற்காலையில் கம்பெனி வண்டி வேளச்சேரியில் இறக்கிவிடும். படுத்துக் கண்ணயர்வதற்குள் தண்ணீர் லாரி, மாடி வீட்டு மிக்ஸி, பள்ளி வேன் ஹாரன் என்று தெரு விழித்துக்கொள்ளும். இதையெல்லாம் கிளினிக்கில் சொன்னேன். தலையாட்டினார்கள், யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

என்னை நிரப்பச் சொன்னது பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள். பிறகு தேடிப் பார்த்தபோது, 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்காக வெளியிட்ட கேள்வித்தாளின் நகல் அது என்று தெரிந்தது. உற்சாகம் குறைந்திருக்கிறதா? விளையாட்டில் முன்புபோல ஈடுகொடுக்க முடியவில்லையா? இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கிவிடுகிறீர்களா? இப்படி மூன்றுக்கு 'ஆம்' என்றாலே குறைபாடு இருக்கக்கூடும் என்பது கணக்கு. கத்திரி வெயில் காலத்தில் கேட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேர் இதில் தேறிவிடுவார்கள். குறைபாடே இல்லாதவர்களையும் இந்தத் தாள் ஏராளமாக உள்ளே இழுத்துவிடும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம்.

அடுத்து ரத்தம் எடுத்தார்கள். மணி மாலை 3.40. மதியம் வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தேன். வெறும் வயிற்றோடு வரவேண்டுமா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டிருந்தேன். "அதெல்லாம் தேவையில்லை சார், மதியத்துக்கு மேல் வாருங்கள், கூட்டம் இருக்காது" என்றார் தொலைபேசியில் பேசிய பெண். இளைஞர்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து, பிற்பகலில் கணிசமாக இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். அதனால்தான் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும், குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடி எடுத்து உறுதிசெய்ய வேண்டும், கூடவே அறிகுறிகளும் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் ஹார்மோன் மருத்துவர்கள் அமைப்பான எண்டோகிரைன் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல். எனக்கோ பிரியாணிக்குப் பின் ஒரே ஒரு முறை எடுத்த ரத்தத்தோடு தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

டெசிலிட்டருக்கு 291 நானோகிராம் என்று வந்தது. 249 முதல் 836 வரை இயல்பு என்று ஆய்வகமே அறிக்கையில் அச்சடித்திருந்தது. அந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, ஆலோசகர் என்ற பெயரில் உட்கார்ந்திருந்தவர் சிவப்புப் பேனாவால் 291-ஐ வட்டமிட்டார். "உங்கள் வயதுக்கு 700 இருக்க வேண்டும் சார். இது அறுபது வயதுக்காரர் அளவு." 700 என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அதுதான் உகந்த அளவு" என்றார். அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம்கூட 300-க்குக் கீழே என்றுதான் எல்லை வைத்திருக்கிறது, அதுவும் இரண்டு காலைச் சோதனைகளில். ஆய்வகத்தின் இயல்பு அளவுக்கும் ஆலோசகரின் உகந்த அளவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் இவர்களுடைய வாடகையும் விளம்பரச் செலவும் ஓடுகிறது.

மருத்துவர் வந்தார் என்பதற்குச் சாட்சி ஒரு கையெழுத்து மட்டும். கதவைத் திறந்தார், சீட்டில் எழுதினார், போய்விட்டார். சீட்டில் பதிவு எண் இல்லை. எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் மருத்துவர் தன் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. டெஸ்டோஸ்டிரோன் 'அட்டவணை ஹெச்' மருந்து, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. சீட்டு எழுதுபவரும் விற்பவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அந்தத் தடையால் யாருக்கு என்ன பயன்?

இதயத்துக்கு ஆபத்து உண்டா என்று கேட்டதற்கு, 2023-இல் ஐயாயிரம் பேரை வைத்து நடந்த ஆய்வு பாதுகாப்பு என்று சொல்லிவிட்டதாகக் கணினியில் படம் காட்டினார் ஆலோசகர். ஆய்வு உண்மைதான். ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் 45 முதல் 80 வயது வரையிலானவர்கள், சராசரி வயது 63. குறைபாடு உறுதியானவர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது தோலில் தடவும் ஜெல், ஊசி அல்ல. மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்பது சரி. இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டும் மருந்து எடுத்தவர்களிடம் கூடுதலாக இருந்தன. அந்தப் பகுதி அவருடைய படத்தில் இல்லை.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் வேறொன்றில். குழந்தை இருக்கிறதா, இனி வேண்டுமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, உடலில் போதுமான அளவு இருப்பதாக எடுத்துக்கொண்டு எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகிய இரண்டு ஹார்மோன்களையும் அடக்கிவிடும். அவை வராவிட்டால் விரைகளின் சொந்தச் சுரப்பும் குறையும், விந்தணு உற்பத்தியும் குறையும். பலருக்கு விந்தணு அறவே இல்லாமல் போகும். இதே காரணத்துக்காகத்தான் உலக சுகாதார நிறுவனம், வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்து 1990-இல் முடிவுகளை வெளியிட்டது. நானும் மனைவியும் குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்கிறோம். அந்த நேரத்தில் கருத்தடையாகச் சோதிக்கப்பட்ட மருந்தை 'ஆண்மை மேம்பாட்டு பாக்கேஜ்' என்று பெயரிட்டு எனக்கு விற்றிருக்கிறார்கள்.

நிறுத்தினால் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்ப வரும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு இரண்டு ஆண்டுகள் வரைகூட. அதுவரை உடலின் சொந்தச் சுரப்பும் படுத்துக்கிடப்பதால் முன்பைவிட மோசமான அசதி வரும். அப்போது அதே கிளினிக்குக்குப் போனால், ஊசியை நிறுத்தியதால்தான் இப்படி என்பார்கள். அதில் பொய்யும் இருக்காது. வாடிக்கையாளர் விலகவே முடியாத வியாபாரம்!

செங்கல்பட்டில் செவிலியராக இருக்கும் என் அக்காவுக்கு அறிக்கையை அனுப்பினேன். "ரத்தம் எடுத்த நேரத்தைப் பார்த்தாயா தம்பி? எல்.எச். எங்கே? புரோலாக்டின் எங்கே? ஊசியை ஒத்திப்போடு, முதலில் எண்டோகிரைனாலஜி படித்தவரைப் பார்" என்றாள். புரோலாக்டினும் பிட்யூட்டரி சுரக்கும் ஒரு ஹார்மோன்தான். எம்.டி.க்குப் பின் டி.எம். முடித்த ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போனேன். செலவுக்கு அஞ்சுபவர்கள் கவனிக்க: சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலேயே இந்தத் துறை இருக்கிறது. மருத்துவர் முதலில் விடுப்பு எடுத்து இரவில் ஒழுங்காகத் தூங்கிவிட்டு வரச் சொன்னார். இரவு வேலை முடித்த கையோடு காலையில் எடுக்கும் ரத்தமும் சரியான கணக்கைக் காட்டாதாம். காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், வெவ்வேறு நாட்களில் எடுத்தபோது 436, 462. தைராய்டு, புரோலாக்டின் எல்லாம் இயல்பு. ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் தினமும் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்ததில் பகல்நேர அளவு 10 முதல் 15 சதவீதம் இறங்கியது என்று 2011-இல் சிகாகோவில் நடந்த ஒரு சிறிய ஆய்வைச் சொல்லிவிட்டு, "உங்களுக்குத் தேவை ஷிஃப்ட் மாற்றம்" என்றார். ஷிஃப்ட் இன்னும் மாறவில்லை. மேலாளருக்குச் சீட்டு எழுதித்தர யாரும் இல்லை.

இந்தச் சிகிச்சையே ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். கூடுதல் எக்ஸ் குரோமோசோமோடு (கிளைன்ஃபெல்ட்டர் நிலை) பிறந்தவர்கள், பிட்யூட்டரி கட்டி உள்ளவர்கள், விரைகளை இழந்தவர்கள் ஆகியோருக்கு இது அவசியம். அவர்களிலும் குழந்தை வேண்டுபவரிடம் நல்ல மருத்துவர் அதைப் பற்றித்தான் முதலில் பேசுவார்; விந்தணுவை உறையவைக்கும் வாய்ப்பையும், உடலின் சொந்தச் சுரப்பைத் தூண்டும் வேறு மருந்துகளையும் சொல்வார்.

பணம் திரும்பத் தரப்படாது என்று ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு 24,000 வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் கிளினிக்குகள் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும் என்பதால், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் மருத்துவப் பணிகள் இயக்ககத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். தாம்பத்திய ஆற்றலைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுத்த நேரம் அச்சான அறிக்கையும் ரசீதும் அதைவிட முக்கியம்.

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்த வேண்டாம். எண்டோகிரைனாலஜி மருத்துவரிடம் போய், விந்துப் பரிசோதனையும் ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அளவும் எடுத்துத்தரக் கேளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும். ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், அடுத்த ஊசிக்கு முன்பே அவரைப் பார்த்துவிட வேண்டும்.