கூத்துக் காசு இழுபட்டால்: பிரதேச செயலகப் பொதுமக்கள் தினம் எப்படி?

பிரதேச செயலக விழாவில் கூத்து ஆடிவிட்டு, மாதக்கணக்காகியும் காசு வரவில்லையா? மட்டக்களப்பு அண்ணாவிமார் (கூத்தைப் பழக்கி ஆட்டுவிப்பவர்கள்) முதலில் போகவேண்டியது பொதுமக்கள் தினத்தில், அதாவது மக்கள் அதிகாரிகளை நேரில் சந்திக்கும் நாளில், பிரதேச செயலாளரிடம்தான். கையில் கடிதம் இருந்தால் நல்ல சேவை. வாய்ப்பேச்சை நம்பிப் போனால் அலைச்சல்.

இந்தத் தினத்தின் பலம் ஒன்றுதான்: கலாசார உத்தியோகத்தரையும் கணக்காளரையும் ஒரே மேசைக்கு அழைக்க அவரால் முடியும். வவுச்சர் (காசு கொடுப்பதற்கான பத்திரம்) எங்கே நிற்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். பல தடவை காரணம் மிகச் சின்னது. உங்கள் கழகத்தின் பெயர் அழைப்புக் கடிதத்தில் 'கலைக்கழகம்', வங்கிப் புத்தகத்தில் 'கலா மன்றம்'. அந்த ஒரு சொல்லுக்காகக் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பியிருக்கும்; அண்ணாவியாருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இது பெரிய அநியாயம்.

தொகையில் பிணக்கு என்றால் கடினம். வடமோடிக் கூத்துக்குக் கரப்புடுப்பும் (வளையம் வைத்த அகன்ற உடுப்பு) கிரீடமும் ஏற்ற லொறி வேண்டும். மத்தளத்துக்கும் சல்லரிக்கும் (கைத்தாளம்) ஆள் வேண்டும். 'எல்லாம் அடங்கலாக' என்று அலுவலகம் நினைத்திருக்கும், லொறிக்கூலி வேறு என்று கழகம் நினைத்திருக்கும். அனுமதித்த மதிப்பீட்டுக்கு மேல் ஒரு ரூபாயும் செயலாளர் தன் விருப்பத்துக்குக் கொடுக்க முடியாது. ஆகவே ஒப்புக்கொள்ளும்போதே ஆட்டக்காசு, உடுப்பு வாடகை, லொறி, சாப்பாடு ஒவ்வொன்றையும் பிரித்து எழுதிக் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

வருடக் கடைசி விழாக்களில் கூடுதல் கவனம் தேவை. ஒதுக்கீடு டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிந்துவிடும். அதற்குள் காசு கிடைக்காவிட்டால், கொடுக்கவேண்டிய கடனாகக் கணக்கில் பதிந்தார்களா என்று கேட்டு உறுதிசெய்யாமல் எழும்பாதீர்கள்.

குறை: முடிவை எழுத்தில் தருவதில்லை. 'பார்க்கிறம்' என்பதோடு அனுப்பிவிடுவார்கள். அப்படியானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வவுச்சர் எந்தத் திகதியில் யாரிடம் போனது, ஏன் திரும்பியது என்று மட்டும் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்பவர்களும் உண்டு. அரசு ஒரு தரப்பானால் அது சரிவராது. கோயிலோ விளையாட்டுக் கழகமோ காசு தராவிட்டால் அங்கே போகலாம், சட்டத்தரணி தேவையில்லை.