வானிலை கிட் வாங்குபவர்களே, ஈரப்பத எண்ணை நம்பிவிடாதீர்கள்

எங்கள் வீடு காசிமேட்டில். மொட்டை மாடியில் அத்தை கருவாடு காயவைப்பார். கோடையில் மதியவாக்கில் கடற்காற்று ஏறியதும் காற்றில் ஈரம் கூடிவிடும். அதற்குள் மீனைத் திருப்பிப்போட வேண்டும். செய்தியில் சென்னை என்று சொல்வது பெரும்பாலும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவுதான். எங்கள் மாடியின் ஈரத்தையும் மழையையும் நாமே அளந்து எழுதிவைக்கலாம் என்றுதான் வெப்பம், ஈரம், மழை அளக்கும் கருவிகள் சேர்ந்த வானிலை கிட் வாங்கினேன். அதில் ஏமாந்தேன். இந்த மழைக்காலத்துக்கு இன்னும் யாராவது வாங்கிவிடப் போகிறார்களே என்று இதை எழுதுகிறேன்.

விற்றவரிடம் இரண்டு வெர்ஷன் இருந்தது. சின்னது 1,900 ரூபாய். அதில் ஈரப்பதமும் வெப்பமும் பார்க்கும் டிஹெச்டி11 சென்சாரும் ஒரு 'மழை சென்சாரும்' வரும். அந்த மழை சென்சார் என்பது கோடு கோடாகச் செம்பு ஓடும் ஒரு தட்டு. நனைந்தால் நனைந்தது என்று சொல்லும், எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று சொல்லாது. டிஹெச்டி11 ஈரப்பதத்தில் 5 சதவீதமும் வெப்பத்தில் 2 டிகிரியும் முன்னே பின்னே காட்டக்கூடியது. அதனால் பெரிய வெர்ஷனுக்குப் போனேன், 6,800 ரூபாய். எல்லாவற்றையும் இயக்கும் வைஃபை வசதியுள்ள இஎஸ்பி32 போர்டு, வாளி சாயும் மழைமானி, காற்று வேகம் பார்க்கும் கிண்ணங்கள், காற்றின் திசைகாட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக பிஎம்இ280 சென்சார். வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் அளக்கும் சிப் அது. நான் கூடுதலாகக் கொடுத்த காசில் பாதி அதை நம்பித்தான்.

புரோகிராம் ஏற்கெனவே ஏற்றித்தான் அனுப்பியிருந்தார். வயரைச் செருகி வைஃபை கொடுத்ததும் திரையில் மூன்று எண்ணும் வந்துவிட்டது. ஒன்றரை மாதம் தினமும் நோட்டில் எழுதினேன்.

ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் தெருவில் நெட் போய்விட்டது. நல்ல மழை. வெப்பம் இறங்குகிறது, அழுத்தம் மாறுகிறது, ஈரப்பதம் மட்டும் 68-லேயே நிற்கிறது. கொட்டுகிற மழையில் 68 எப்படி நிற்கும்? நெட் வந்ததும் ஒரே தாவலில் 91. மறுநாள் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே கதைதான்.

பெட்டியைப் பிரித்து, இந்த மாதிரி போர்டுகளுக்கு புரோகிராம் எழுதும் ஆர்டுயினோ மென்பொருளில் நானே சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி சிப்பின் அடையாள எண்ணைப் படித்தேன். பிஎம்இ280 என்றால் ஹெக்ஸ் கணக்கில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை) 60 வர வேண்டும். எனக்கு வந்தது 58. அது பிஎம்பி280. வெப்பமும் அழுத்தமும் அளக்கும், ஈரப்பதம் அளக்கிற வேலையே அதற்குக் கிடையாது. மற்ற இரண்டு எண்ணும் சரியாக இருந்ததால்தான் மூன்றாவதையும் நம்பி எழுதிக்கொண்டிருந்தேன்.

போன் போட்டேன். "ரெண்டும் ஒரே குடும்பம்தாண்ணா" என்றார் முதலில். அப்போ ஈரப்பதம் எங்கிருந்து வருது என்று கேட்டதும், "நெட்லேர்ந்து எடுக்குதுண்ணா, அதுவும் சென்னை ஈரப்பதம்தானே?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊர் ஈரப்பதம் போனிலேயே வரும். அதற்கு எதற்கு 6,800 ரூபாய்? அத்தை அந்த எண்ணைப் பார்த்து மீனைத் திருப்பியிருக்கிறார்.

வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் சிப்பின் கிட்டப் படம் கேளுங்கள். பிஎம்இ280 சதுரமாக இருக்கும், பிஎம்பி280 கொஞ்சம் நீள்சதுரம். பலகையில் அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள், இரண்டுக்கும் ஒரே பலகையைப் போட்டு விற்கிறார்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் வைஃபையை நிறுத்திவிட்டு சென்சார் மேல் வாயால் ஊதுங்கள். உண்மையான சென்சார் என்றால் சில நொடியில் ஈரப்பத எண் ஏறும்.

மழைமானியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அதன் வாய் 11 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம், அதாவது 55 சதுர சென்டிமீட்டர். 55 மில்லி தண்ணீர் ஊற்றினால் அது 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். வாளி ஒருமுறை சாய்ந்தால் 0.2794 மில்லிமீட்டர் என்பது கணக்கு, ஆக ஏறத்தாழ 36 முறை சாய வேண்டும். மருந்து சிரிஞ்சில் மெதுவாக விட்டுப் பார்த்தேன், 35 சாய்ந்தது. ஆனால் 'துருப்பிடிக்காத' ஸ்குரூ என்று சொன்னது எல்லாம் உப்புக்காற்றில் இரண்டே மாதத்தில் சிவந்துவிட்டது.

பணம் திருப்பிக் கேட்டேன். முழு கிட்டையும் என் செலவில் அனுப்பினால் 'பார்த்துவிட்டுச்' சொல்கிறாராம். சிப்பின் படம், 58 என்று வந்த திரை, பில் மூன்றையும் சேர்த்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் யாராவது இதே மாதிரி கிட் வைத்திருந்தால் இன்று ராத்திரியே ரவுட்டரை அணைத்து ஊதிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். என் நோட்டில் அந்த ஒன்றரை மாத ஈரப்பதத்தை முழுக்க அடித்துவிட்டேன்.