பன்னிரண்டு மணிக்குள் உட்காருங்கள்: மியூனிக் சந்தை பியர் கார்டனில் சாசேஜ் சாப்பாடு

மியூனிக் நகரின் மரியன்பிளாட்ஸ் சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் விக்டுவாலியன்மார்க்ட் சந்தை இருக்கிறது. 1807 முதல் நடக்கும் சந்தை. அதன் நடுவில், குதிரைக் கஷ்கொட்டை மரங்களின் நிழலில் நீள மேசைகள் போட்ட பியர் கார்டன். ஊரில் இதைவிடப் பெரிய பியர் கார்டன்கள் பல உண்டு. ஆனால் பகலில் சாசேஜ் சாப்பிட வேண்டுமென்றால் இங்கேதான் வரவேண்டும். சாசேஜ் போடும் கறிக்கடைகள் கூப்பிடு தூரத்தில், பீட்டர் தேவாலயத்தின் அடியிலேயே வரிசையாக இருக்கின்றன.

உட்காரும் முன் மேசையைப் பாருங்கள். துணி விரித்த மேசை என்றால் பரிமாறுபவர் வருவார். அங்கே வெளிச்சாப்பாடு கூடாது. துணி இல்லாத வெறும் மேசையில் கொண்டுவந்ததைப் பிரித்துச் சாப்பிடலாம், குடிப்பதை மட்டும் அங்கேயே வாங்க வேண்டும். இது கடைக்காரர் பார்த்துக் கொடுத்த சலுகையல்ல. 1812-இல் பவேரிய மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் யோசப், பியர் காய்ச்சுவோர் தங்கள் நிலவறை வாசலிலேயே பியர் விற்க அனுமதித்தார். சாப்பாட்டில் ரொட்டி மட்டுமே விற்கலாம் என்றார். மக்கள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மியூனிக்கைத் தலைநகராகக் கொண்ட பவேரிய மாநில அரசின் 1999-ஆம் ஆண்டு விதியும் இந்த வழக்கத்தைப் பியர் கார்டனின் அடையாளமாகவே சொல்கிறது. மேலே நிற்கும் மரத்துக்கும் அதே பழங்கதைதான்: அகன்ற இலை நிலவறையைக் குளிர்ச்சியாக வைக்கும், ஆழம் போகாத வேர் அறையின் வளைவுக்கூரையை உடைக்காது.

முதலில் வைஸ்வுர்ஸ்ட், அதாவது வெள்ளை சாசேஜ். கன்றுக்கறியும் பன்றிக்கொழுப்பும் சேர்த்து மையாக அரைத்து, பார்ஸ்லி, எலுமிச்சைத் தோல், ஜாதிபத்திரி, வெங்காயம் கலந்து பன்றிக்குடலில் அடைப்பார்கள். நிறம் காக்கும் நைட்ரைட் உப்பு போடுவதில்லை, புகை போடுவதும் இல்லை, அதனால்தான் வெள்ளை. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் காலையில் அரைத்தது மதியத்துக்குள் கெட்டுவிடும். பன்னிரண்டு மணி அடிப்பதை வைஸ்வுர்ஸ்ட் கேட்கக் கூடாது என்ற பேச்சு அப்படி வந்தது. இப்போது வெந்நீரில் பக்குவப்படுத்தியே விற்பதால் கெடும் பயம் இல்லை, வழக்கம் மட்டும் மாறவில்லை. மரியன்பிளாட்ஸ் நகராட்சி மண்டபக் கோபுரத்தில் பொம்மைகள் ஆடும் பதினொரு மணி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நேரே வந்தால் சரியாக இருக்கும்.

சாசேஜ் வெந்நீர்ச் சட்டியில் மிதந்து வரவேண்டும். நீர் கொதித்திருக்கக் கூடாது. 75 டிகிரி அளவில் பத்து நிமிடம் போதும். கொதித்தால் தோல் வெடித்து, சாறும் மணமும் நீரில் போய்விடும். தோல் கிழிந்த சாசேஜ் தட்டில் வந்தால் வேறு கேளுங்கள், தயங்க வேண்டாம். ஒன்றைச் சாப்பிடும்போது மற்றது நீரிலேயே இருக்கட்டும். தோல் சாப்பிடுவதற்கில்லை. கத்தியால் நீளவாக்கில் மேலாகக் கீறி, முள்கரண்டியை ஓரத்தில் செருகி உருட்டினால் தோல் ஒரே துண்டாகக் கழன்று வரும். உள்ளே பச்சைப் பொட்டுகளோடு, இட்லி போல மெத்தென்ற வெள்ளைச் சதை, எலுமிச்சை வாசனை. பழைய ஆட்கள் ஒரு முனையைக் கடித்து, முருங்கைக்காய் போல உறிஞ்சிவிடுவார்கள். அதற்குத் 'சூட்செல்ன்' என்று பெயர். தொட்டுக்கொள்ள இனிப்புக் கடுகு மட்டும்தான். காரக் கடுகு எலுமிச்சை வாசனையை அமுக்கிவிடும்.

முடிச்சு வடிவ ரொட்டியான பிரெட்சலை அன்றைய காலைச் சூட்டோடு வாங்குங்கள். மேலே உள்ள கல்லுப்பு ஈரத்தை இழுப்பதால் பிற்பகலில் தோல் நமுத்து ரப்பராகிவிடும்.

சுட்ட சாசேஜ் பிடித்தவர்களுக்கு நியூரம்பெர்க் வகை: 7 முதல் 9 செ.மீ. நீளம், ஒன்று 20–25 கிராம், மார்ஜோரம் என்ற மூலிகையின் வாசனை. ஆறு சாசேஜும் புளித்த முட்டைக்கோஸும் ஒருவருக்குப் போதும். அடுப்பைக் கவனித்து வாங்குங்கள். கூட்ட நேரத்தில் முன்னதாகவே சுட்டு ஓரத்தில் குவித்திருந்தால் தோல் சுருங்கியிருக்கும், உள்ளே சாறு இருக்காது. அடுத்த ஈடு வரும்வரை நிற்பது மேல்.

ஊரின் ஆறு பெரிய மதுவாலைகளின் பியரும் இங்கே முறை வைத்து மாறி மாறி வரும். இந்த நியாயம் மிகவும் பிடித்த விஷயம். வெள்ளை சாசேஜுக்குக் கோதுமை பியர் அரை லிட்டர் பொருத்தம். ஒரு லிட்டர் 'மாஸ்' குவளை வெயில் நாளில் பாதியிலேயே சூடாகிவிடும். பிறகு வேலை இருந்தால் பியரும் லெமனேடும் பாதிக்குப் பாதி கலந்த ராட்லர் வாங்குங்கள். குவளைக்கு முன்பணம் பிடித்து வில்லை தந்தால், அதைத் தொலைக்காமல் குவளையோடு திருப்பிக் கொடுங்கள்.

மாட்டுக்கறி தொடாதவர்கள் வெள்ளை சாசேஜ் பக்கம் போக வேண்டாம். நியூரம்பெர்க் வகை பன்றிக்கறி. சைவர்களுக்குப் பிரெட்சல், பாலாடைக்கட்டியை வெண்ணெயும் பாப்ரிகா என்னும் காரம் குறைந்த மிளகாய்த்தூளும் சேர்த்துப் பிசைந்த ஓபாட்ஸ்டா, சுருளாக வெட்டி உப்பிட்ட வெள்ளை முள்ளங்கி. உப்பில் நீர் விட்ட அந்த முள்ளங்கி நம் நாக்குக்கு உடனே பழகிவிடும். உருளைக்கிழங்கு சாலட்டைக் கேட்காமல் எடுக்காதீர்கள், பவேரிய முறையில் அதில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு ஊற்றுவார்கள்.

தனி மேசைக்குக் காத்திருக்காமல், காலியிடம் உள்ள மேசையில் "இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?" (இங்கே இடம் இருக்கிறதா?) என்று கேட்டு உட்காருங்கள். 'ஷ்டாம்டிஷ்' பலகை உள்ள மேசை வாடிக்கைக்காரர்களுக்கு ஒதுக்கியது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கடைகள் அடைப்பு, அன்றைக்கு வராதீர்கள். மணி ஒன்றைத் தாண்டி வந்து வெள்ளை சாசேஜ் தீர்ந்திருந்தால், கறிக்கடையில் அரைத்த கறியை அச்சில் வைத்துச் சுட்ட லேபர்கேஸைச் சுடச்சுட ஒரு விரல் கனத்தில் வெட்டச் சொல்லி, பன்னில் வைத்து வாங்கி வாருங்கள்.